உலக முடிவின் அடியில்

கடலை ஒருபுறமும் வானளாவிய செங்குத்துப் பாறையை மறுபுறமும் வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய கரையில் நடந்து செல்வதைப் போன்ற துணிச்சலான இன்பம் வேறில்லை என்று நடைப்பிரியர்கள் சொல்வார்கள். இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் பக்கத்தில் அப்படி நடப்பவர்கள், ஊன்றுகோலைக் கையில் எடுப்பதற்கு முன் வற்றுப்பெருக்கு அட்டவணையை எடுத்துப் பார்க்கிறார்கள். கடல் வற்றியிருக்கும் சில மணி நேரமே அந்த வழி வழியாக இருக்கும். பெருக்குத் திரும்பிவிட்டால் முன்னே போகவும் முடியாது, பின்னே திரும்பவும் முடியாது. மேலே ஏறவோ பாறை இடங்கொடாது. நம் நாட்டில் இதற்கு ஈடாகத் திருகோணமலைச் சுவாமி மலையைத்தான் நினைக்கலாம். ஆனால் அங்கே பாறைக்கும் கடலுக்கும் நடுவே கால் வைக்கக் கரையே இல்லை. கோணேசர் கோயிலருகில் நின்று இராவணன் வெட்டை எட்டிப் பார்க்கலாம். அடிக்குப் போக வேண்டுமானால் நீரில்தான் மூழ்க வேண்டும். 1956ஆம் ஆண்டில் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் அவ்வாறு மூழ்கித்தான், போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழங்கோயிலின் சிதைவுகளைக் கடலடியில் கண்டார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டுச் சப்பிரகமுவ மாகாணத்துக்கு வாசகர்களை அழைத்துப் போகப் போகிறேன் என்றால் சிரிப்பார்கள். இலங்கையின் ஒன்பது மாகாணங்களில் நான்குக்குக் கடலோரம் கிடையாது. அந்த நான்கில் சப்பிரகமுவவும் ஒன்று. இரத்தினபுரிக்கும் கடலில்லை, கேகாலைக்கும் கடலில்லை. ஆயினும் கடல் இல்லாத அந்த மாகாணத்துக்குக் கரை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் நெடுஞ்சாலையில் பெலிஹுல்ஓயாவில் இறங்கி, வடக்கே நிமிர்ந்து பாருங்கள். மத்திய மலைநாடு அங்கே ஒரே வெட்டாக வெட்டி நிறுத்தப்பட்டாற்போல் முடிகிறது. கீழே வளவை கங்கையின் தாழ்நிலம் தெற்கே கடல் வரையில் பரந்து கிடக்கிறது. விடியற்காலையில் அத்தாழ்நிலத்தின்மேல் வெண்பனி மூடிக் கிடக்கும்போது பார்ப்பவருக்கு மலைநாடு ஒரு தீவாகவும், அந்தப் பாறைச் சுவர் அதன் கரையாகவும் தோன்றாமற் போகாது.

அச்சுவரின் உச்சிக்குத்தான் 'உலக முடிவு' என்று பெயர். அதன்மேல் கிடக்கும் ஹோர்ட்டன் சமவெளி, 1831 முதல் 1837 வரையில் தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரைத் தாங்கியது. 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. சமவெளியின் புல்வெளியில் நடந்துகொண்டே போகிறவரின் காலடியில் நிலம் திடீரென்று அற்றுப்போய், ஏறக்குறைய 870 மீற்றர் ஆழம் வாய் பிளந்து நிற்கும். நாள்தோறும் ஆயிரம் கண்கள் அந்த விளிம்பில் நின்று கீழே பார்க்கின்றன. காலை ஒன்பது பத்து மணிக்குள் மூடுபனி மேலேறிக் காட்சியை விழுங்கிவிடும் என்பதால் எல்லோரும் விடியுமுன் ஓடிவருகிறார்கள். பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நானும் ஒரு முறை அப்படிப் போய்ப் பார்த்தவனே. கீழே, ஆழத்தில், பச்சைக் கம்பளத்தில் வெள்ளைக் கோடு கிழித்தாற்போல் சில தகரக் கூரைகள் தெரிந்தன. அவை நான்பரேல் தோட்டத்து லயங்கள் என்று வழிகாட்டி சொன்னார். உலகம் முடிந்த பிறகு யார் அங்கே குடியிருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியது. அந்தக் கேள்விதான் சில ஆண்டுகள் கழித்து, பங்குனிக் கடைசியில் ஒரு நாள், என்னைச் சுவரின் அடிக்குக் கொண்டுபோய் விட்டது.

எனக்கு வழித்துணையாக வந்தவர் அத்தோட்டத்திலேயே பிறந்து, கவ்வாத்து வெட்டியும் கான் வெட்டியும் ஓய்வு பெற்ற முதியவர். எழுபத்தைந்தைத் தாண்டியவர், ஆனால் ஏற்றத்தில் அவரைப் பின்தொடர எனக்குத்தான் மூச்சு வாங்கியது. பெலிஹுல்ஓயாவிலிருந்து காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். ஆறு வலப்புறத்தில் இரைந்துகொண்டே வந்தது. புறப்படும்போதே அவர் ஒரு நிபந்தனை விதித்தார்.

"தம்பி, பன்னெண்டு மணிக்குள்ள மேமலையச் சுத்திட்டு லயத்துக்கு வந்திறணும். இந்த மாசத்துல ரெண்டு மணிக்கு மேல மழ கேக்காமயே வரும். ஓடையில தண்ணி வந்திட்டா அந்தப் பக்கம் நிக்கிறவங்க அந்தப் பக்கந்தான்."

டோர்செட்காரர்களின் வற்றுப்பெருக்கு அட்டவணை எனக்கு நினைவு வந்தது. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட இம்மாதங்களில் காலை வெயில் தாழ்நிலத்தைச் சுட, ஈரக்காற்று மேலெழுந்து இப்பாறைச் சுவரில் மோதி, பிற்பகலில் இடிமழையாகத் திரும்பி விழுகிறது. கடலுக்குச் சந்திரன் எப்படியோ, அப்படி இங்கே சூரியன் நேரம் வகுக்கிறது. முதியவர் அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. தோளில் படங்கு கட்டிக்கொண்டு நாற்பது ஆண்டு நனைந்து தெரிந்துகொண்டார்.

தேயிலைத் தொழிற்சாலையை, அதாவது அவர்கள் மொழியில் 'இஸ்டோரை'க் கடந்த பிறகு பாதை செங்குத்தாயிற்று. பெரட்டு முடிந்து கொழுந்துக்குப் போகும் பெண்கள் எங்களைத் தாண்டிச் சிரித்துக்கொண்டே ஏறிப் போனார்கள். அவர்கள் பிரிந்துபோன பிறகு மானாப்புல்லும் டர்பன்டைன் மரங்களும் நின்ற ஒரு சரிவைக் குறுக்காகக் கடந்து, கடைசித் தேயிலை வரிசைக்கு வந்து சேர்ந்தோம். அதற்கப்பால் காடு, காட்டுக்கு மேல் சுவர். தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அனுமதியின்றிக் கால் வைப்பது சட்டப்படி குற்றமாகையால் அங்கிருந்து மேலே ஏறும் எண்ணம் எங்களுக்கு இல்லை. தேயிலையின் மேல் விளிம்பை ஒட்டி, சுவரின் அடியிலேயே, மேற்கிலிருந்து கிழக்காக நடப்பதே எங்கள் திட்டம்.

கீழிருந்து பார்க்கும் உலக முடிவை எப்படி விவரிப்பது? மேலிருந்து பார்த்தபோது அது ஓர் ஆழம் மட்டுமே. வெற்றிடத்துக்கு முகம் ஏது? கீழிருந்தோ அதற்கு முகம் இருக்கிறது. கருமையும் சாம்பலும் துருச்சிவப்புமாகப் பாறை அடுக்கடுக்காக மடிந்து நிற்கிறது. நீர் வழிந்த தடங்கள் கறுத்த நாமங்களைப் போல் நீண்டு இறங்குகின்றன. இடுக்குகளில் குட்டை மரங்கள் தொங்குகின்றன. உச்சியில் ஆட்கள் நிற்கிறார்களா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தேன், ஒன்றும் புலப்படவில்லை.

"அவங்களுக்கும் நம்மளத் தெரியாது, தம்பி. தேயிலதான் தெரியும்" என்றார் முதியவர்.

இப்பாறையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இலங்கை மூன்று படிகளாக அமைந்த நாடு என்று 1929ஆம் ஆண்டிலேயே புவியியல் அறிஞர் ஆடம்ஸ் எழுதினார். கரையோரச் சமநிலம் ஒரு படி, நடுவில் ஒரு படி, ஹோர்ட்டன் சமவெளி போன்ற உயர்நிலங்கள் மூன்றாம் படி. படிகளை வெட்டியது அரிப்பா, நிலத்தின் எழுச்சியா என்பதில் அவருக்கும் பின்னால் வந்த வாடியாவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு அந்த வழக்கைவிடப் பாறை பிறந்த கதையே அதிக வியப்பைத் தந்தது. இம்மலைகளின் பாறைகளுள் ஒரு பகுதி, ஆதியில் கடலடியில் படிந்த மணலும் களியும் சுண்ணமும். அவை புவியின் ஆழத்தில் அமுங்கி, வெந்து, உருமாறி, ஏறக்குறைய 60 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய வடிவைப் பெறத் தொடங்கின. மணல் படிகக் கல்லானது, சுண்ணம் சலவைக்கல்லானது. இம்மலைகளிலிருந்து கழுவி வந்த பரல்தான் இரத்தினபுரி வயல்களின் அடியில் 'இல்லம்' என்று பெயர் பெற்று மாணிக்கத்தைத் தருகிறது. சுண்ணத்துக்கு வேறொரு சாட்சியம் உண்டு. எதிரே தெரிந்த சமனலவெவ நீர்த்தேக்கத்தில் 1992ஆம் ஆண்டு நீர் நிரப்பப்பட்டபோது, பாறைக்குள்ளிருந்த சுண்ணப் பொந்துகள் வழியே நீர் ஊடுருவிக் கரைக்கு வெளியே பீறிட்டது. பழைய கடலின் எச்சம் பொறியியலாளர்களுக்கு ஓயாத தலைவலியானது. ஆக, கடலோரப் பாறை என்று நான் சொன்னது முழுப் பொய்யல்ல. கொஞ்சம் காலம் தாழ்த்திச் சொன்ன உண்மை.

அந்நீர்த்தேக்கத்தில் மூழ்கிய சரிவுகளிலும் அவற்றைச் சூழ்ந்த குன்றுகளிலும் இன்னோர் அதிசயம் இருந்தது. ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையில் அங்கே இரும்பு உருக்கியவர்கள் துருத்தி ஊதவில்லை. மேற்கு நோக்கிய குன்றுச் சரிவுகளில் உலைகளை வரிசையாகக் கட்டி, தென்மேற்குப் பருவக்காற்றையே ஊதச் செய்தார்கள். கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அவ்வுலைகளை அகழ்ந்தெடுத்ததோடு நில்லாமல், அவற்றைப்போல் ஓர் உலை கட்டிக் காற்றாலேயே இரும்பை உருக்கியும் காட்டி, 1996இல் உலகறிய எழுதினார். கடல் வந்து சேராத இடத்துக்குக் கடற்காற்று வந்து சேர்ந்து உலை ஊதியிருக்கிறது! முதியவரிடம் இதைச் சொன்னேன். அவர் வியக்கவில்லை. "ஆடி மாசத்துல இங்க கூரத் தகரத்துக்கு மேல கல்லு வெச்சுத்தான் படுப்போம்" என்றார்.

ஏறக்குறைய ஒன்பதரை மணிக்கு ஓடையை அடைந்தோம். ஓடை என்று அவர் சொன்னது, சுவரின் நடுவே ஒரு வெடிப்பிலிருந்து புறப்பட்டு, காட்டைப் பிளந்துகொண்டு தேயிலைக்குள் இறங்கும் ஒரு கற்குவியல். அகலம் ஐம்பது அறுபது அடி இருக்கலாம். வீடளவு பாறையும் குடத்தளவு கல்லும் கலந்து கிடந்தன. நடுவில் மட்டும் கணுக்காலளவு நீர், பளிங்கு போல. "பேசாம வாங்க" என்று சொல்லி, முதியவர் இறங்குவதற்கு முன் சிறிது நேரம் மேலே பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பிறகு கல்லுக்குக் கல் தாவி நடந்தார். நான் பாதி வழியில் இருக்கையில் மேலே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்து இன்னொன்று. தேங்காயளவு கல்லொன்று காட்டு விளிம்பிலிருந்து துள்ளி வந்து, எனக்கு இருபது அடி மேலே பாறையில் மோதி, மூன்றாகப் பிளந்து, ஒரு துண்டு என் முழங்காலருகே விர்ரென்று போய்த் தண்ணீரில் விழுந்தது. ஓடவேண்டும் என்று மனம் சொல்கிறது. ஓடினால் கால் இடறும் என்று கண் சொல்கிறது. அந்த நாலைந்து வினாடியில் கற்றுக்கொண்ட பொறுமையை வேறெங்கும் நான் கற்றதில்லை. அக்கரையில் நின்ற முதியவர் கையை மட்டும் நீட்டினார். பிடித்துக்கொண்டு ஏறினேன்.

"கொரங்கா இருக்கும்" என்றார் அமைதியாக. பிறகு, "மழைக்குப் பொறவு விழுற கல்லுதான் பொல்லாது. அது ஒத்தையா வராது" என்றார்.

அக்கரையில் ஒரு தட்டையான பாறைமேல் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியையும் சம்பலையும் பிரித்தோம். அங்கிருந்து தெற்கே பார்வை தங்குதடையின்றி ஓடியது. பனி விலகிக்கொண்டிருந்தது. நீர்த்தேக்கத்துக்கு அப்பால் நீலம். நீலத்துக்கு அப்பால் வெளிர்நீலம். அதற்கும் அப்பால், வானத்தின் அடியில், வெள்ளிக் கம்பி போன்ற ஒரு கோடு. வானம் தெளிந்த நாளில் ஐம்பது மைலுக்கு அப்பாலுள்ள கடல் உலக முடிவிலிருந்து தெரியும் என்று சொல்வார்கள். நான் கண்டது கடலா, மேகத்தின் ஓரமா என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். முதியவருக்கோ அதில் சந்தேகமே இல்லை.

"அதுதான் கடலு. சின்ன வயசிலேருந்து பாக்கிறேன். கிட்டப் போனதில்ல."

"ஒரு முறைகூடவா, ஐயா?"

"பாட்டன் அதத் தாண்டி வந்தாரு. எங்க அக்கா அதத் தாண்டிப் போச்சு. நான் ஹப்புத்தளை ஸ்டேசன் வரைக்குந்தான் போனேன்."

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவானது. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களை இரு அரசுகள் கணக்கிட்டுப் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாடு அது. மலைநாட்டு நிலையங்களிலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னார்க் கப்பலுக்குப் புறப்பட்ட புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அவருடைய தமக்கை குடும்பமும் அதில்தான் போயிற்று. இரண்டு கடிதம் வந்ததாம், பிறகு வரவில்லை. கப்பலும் 1984க்குப் பிறகு ஓடவில்லை. அவர் இவற்றைச் சொல்லும்போது குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. ரொட்டித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

கிழக்கே இன்னும் ஒரு மணி நேரம் நடந்தோம். சுவர் அப்படியே தொடர்ந்து ஹல்துமுல்லைப் பக்கமாக வளைந்து போகிறது. அந்தத் திசையைக் காட்டி, "அங்கிட்டுத்தான் மீரியபெத்த" என்றார். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தவில் மலை சரிந்து தோட்ட லயங்களை மூடியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல உடல்கள் கிடைக்கவேயில்லை. அவ்விடம் ஆபத்தானதென்று அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. இதே சப்பிரகமுவவில், கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில், 2016 மே 17ஆம் திகதி மலைச்சரிவு கிராமங்களையே விழுங்கியது. எச்சரித்தார்களே, ஏன் போகவில்லை என்று பட்டணத்தில் எளிதாகக் கேட்டுவிடுகிறோம். கடலோர நடைக்குப் போகிறவன் பெருக்கு வந்தால் வீட்டுக்குப் போகலாம். லயத்தில் இருப்பவனுக்கு அந்தப் பாறையின் அடியேதான் வீடு. அந்த வீடும் தோட்டத்துக்குச் சொந்தம். நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். இங்கே வேண்டாம், அங்கே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்ல அவனுக்குக் காணி இருந்தால்தானே? ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற திட்டம் சில தோட்டங்களில் நிறைவேறியிருக்கிறது; பல தோட்டங்களில் அது இன்னும் பேச்சாகவே இருக்கிறது. மேலேயிருந்து படம் எடுப்பவர்களுக்காக விளிம்பு வரையில் பாதை அமைத்துப் பராமரிக்கத் தெரிந்த நாட்டுக்கு, கீழே இருப்பவர்களைப் பாதுகாப்பான இடத்தில் குடியேற்றுவது இயலாத காரியமா என்ன?

பகல் பன்னிரண்டேகாலுக்கு லயத்தை அடைந்தோம். ஒன்றரைக்கு முதல் இடி. இரண்டுக்குச் சுவரே மறைந்துபோயிற்று. மழை கண்ணெதிரே திரையாக நின்றது. நாங்கள் காலையில் கணுக்காலளவு நீரில் கடந்த ஓடையின் முழக்கம், கரையில் கடலலை புரள்வதைப் போல் லயம் வரைக்கும் கேட்டது. கீழே போகும் பாதையில் மரம் விழுந்துவிட்டதென்று செய்தி வந்ததால் அன்றிரவு அங்கேயே தங்கும்படியாயிற்று. இஞ்சி தட்டிப் போட்ட சாயம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது.

வாசலுக்கு எதிரே திறந்த வெளியில், ஒரு கட்டையின்மேல் நேர்ச்சுவருள்ள பெரிய தகர டின் ஒன்று கட்டி வைக்கப்பட்டிருந்தது. முதியவரின் பேத்தி, பத்தாம் வகுப்பு மாணவி, அதன் உட்புறத்தில் அடிமட்டத்தால் அளந்து மூன்று சிவப்புக் கோடுகள் இட்டிருந்தாள். எழுபத்தைந்து, நூறு, நூற்றைம்பது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு அது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தொட்டால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். காலைதோறும் டின்னைக் கவிழ்த்து வைப்பது அவளுடைய வேலை. முதியவரிடம் வேறு அளவைகள் இருந்தன. பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குகிறதா அல்லது திடீரென்று நிற்கிறதா. தரையில் புதிய வெடிப்பு உண்டா. நேராக நின்ற மரம் சாய்ந்திருக்கிறதா. கதவு நிலையில் இறுகிக்கொண்டு திறக்க மறுக்கிறதா. நிறுவனத்தின் துண்டுப் பிரசுரத்திலும் ஏறக்குறைய இவையே அச்சாகியிருப்பதைப் பேத்தி எனக்குக் காட்டினாள். தாத்தாவைக் கேட்டு எழுதியிருப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தாள்.

இரவு ஒன்பது மணிக்கு மழை சற்றே தணிந்தது. அவள் கைவிளக்கை எடுத்துக்கொண்டு, படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள். டின்னுக்குள் குனிந்து பார்த்தாள். அடிமட்டத்தை விட்டு எடுத்தாள். எல்லோரும் வாசலில் நின்றோம். பக்கத்துக் காம்பராக்களிலும் கதவுகள் திறந்தன.

"அறுபத்தெட்டு!" என்று அங்கிருந்தே கூவினாள்.

எழுபத்தைந்துக்கு இன்னும் ஏழு இருந்தது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. முதியவர் பீலிக்கரை வரையில் போய் நீரைக் கையில் ஏந்தி விளக்கொளியில் பார்த்துவிட்டு வந்தார். எனக்குப் பாய் விரித்துக் கொடுத்தார். தம்முடைய செருப்பை மட்டும் வாசலில் விடாமல், உள்ளே எடுத்து வந்து தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார்.